குப்பம்மாவின் கைகள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எந்த மாத்திரையை எவ்வளவு கொடுப்பது, எந்தப் படிவத்தை யாருக்கு அனுப்புவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆள் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பொறுமையும் கிடையாது. மனநலக் குழுவில் சமூகப் பணியாளராக ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கியே என் முட்டி தேய்ந்துபோய்விட்டது. இப்போது ஓய்வு பெற்று கணியம்பாடியில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நினைவில் வந்து போவார்கள். குணமாகி மளிகைக்கடை வைத்தவர் வருவார், இன்றைக்கும் பொங்கலுக்கு போன் செய்கிற பெண் வருவாள். ஒருத்தி மட்டும் வந்தால் லேசில் போகமாட்டாள். அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எங்காவது கோபப்பட்டால் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

மாதம் ஒரு நாள் எங்கள் குழு மேலே போகும். டாக்டர், மருந்து கொடுக்கும் சிஸ்டர், ஓட்டுநர், நான். ஒடுகத்தூரில் டீ குடித்துவிட்டு மலை ஏறுவோம். மேலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் எங்களுக்கு ஒரு அறை தருவார்கள். அந்த அறைக்குத்தான் செல்வி தன் அக்காவை முதன்முதலில் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அக்கா பெயர் குப்பம்மா. முப்பது வயதிருக்கும், பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசவராது. இரண்டு மாதமாகத் தூங்குவதில்லை, சோற்றைத் தட்டிவிடுகிறாள், வீட்டுக்கு எதிரே இருக்கும் புளியமரத்தைப் பார்த்துப் பார்த்து நடுங்குகிறாள் என்று செல்வி சொன்னாள்.

எங்கள் டாக்டர் நல்ல அனுபவசாலி. நான் இந்த வேலையில் கற்றதில் பாதி அவரிடம் கற்றது. அவரும் பழக்கதோஷத்தில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியையே கேட்டுவிட்டார்.

"யாருமே இல்லாதப்ப காதுல குரல் கேக்குதான்னு கேளும்மா."

செல்வி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாங்க டாக்டர், இவளுக்குக் காதே கேக்காது. கொரலு எங்கேர்ந்து கேக்கும்?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் செல்வி தானாகவே சொன்னாள்: "ஆனா கை தெரியுதாம் டாக்டர். அந்த மரத்துக்குள்ள யாரோ கைய ஆட்டி ஆட்டி இவளத் திட்டுறாங்களாம். உன்ன வெட்டிடுவேன்னு சொல்லுதாம் அந்தக் கை."

நமக்கு இந்த நோய் வந்தால் காதில் ஆள் பேசும். காலம் முழுக்கக் கையால் பேசியவளுக்கு நோய் கையாகவே வந்திருக்கிறது. இதை எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று. இவ்வளவு நுணுக்கமான சங்கதியைக் கையாலேயே ஒருத்தி சொல்லி இன்னொருத்தி புரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்தச் சைகையை அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சின்ன வயதில் ஆடு ஓட்டிக்கொண்டு போன இடத்தில் இரண்டு பெண்களும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. உள்ளங்கையால் முள்ளைத் தடவுவதுபோல் காட்டினால் பலாப்பழம். நாக்கைக் கன்னத்துக்குள் தள்ளினால் பொய். கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவதுபோல் காட்டி ஒரு விரலைத் தூக்கினால் நாளைக்கு. ஊரில் அவளை ஊமைச்சி என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைப்போல் வாயாடியை நான் பார்த்ததில்லை. மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்து மரத்திலிருந்த கைகள் மறைந்தபிறகு, எங்கள் வண்டி நின்றதும் ஓடிவந்து ஊர்க்கதை முழுவதையும் கையாலேயே கொட்டுவாள். யார் வீட்டில் சண்டை, யாருடைய ஆடு யார் சாமையை மேய்ந்தது, எல்லாம் வரும். செல்வி மூச்சுவாங்க மொழிபெயர்ப்பாள். "போதும் வுடுடீ, அவங்களுக்கு வேல கீது" என்று கடைசியில் அக்காவின் கையைப் பிடித்து அழுத்துவாள். அதுதான் அவர்களுக்குள் 'வாயை மூடு'.

ஊரில் அந்தக் கைப்பேச்சு முழுதாகத் தெரிந்தவள் செல்வி ஒருத்தி. தாயாருக்குச் சோறு, தண்ணீர், வயிற்றுவலி அளவுக்குத் தெரியும். அண்டை அயலுக்கு அதுவும் தெரியாது. ஒரே ஒரு ஆளைத் தூணாக வைத்து நிற்கிற சிகிச்சை இது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. டாக்டர் ஒருநாள் வண்டியில் இறங்கும்போதே சொன்னார், "இந்தப் பொண்ணுக்கு ஒரு கல்யாணம் ஆனா நாம என்ன பண்ணுவோம்?" என்று.

செல்விக்குக் கல்யாணம் ஆனது. ஒடுகத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல பையன். அவள் வாராவாரம் பஸ் ஏறி மேலே வந்து அக்காவோடு ஒரு நாள் இருந்துவிட்டுப் போவாள். பிறகு குழந்தை பிறந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த குழந்தை. அந்தப் பச்சை உடம்போடு மலை ஏறாதே என்று மாமியார் சொன்னார், நியாயம்தான். அந்தச் சில மாதங்களில் தாயார்தான் மாத்திரை கொடுத்தார். குப்பம்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருக்கிறாள். ஏன் சாப்பிட வேண்டும் என்று அவளோடு சண்டைபோட்டு விளங்கவைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

புளி உலுக்குகிற பருவம் வந்தது. வீட்டுக்கு எதிரே இருந்த அந்த மரத்தில் அவளுடைய சித்தப்பா மகன் ஏறினான். குப்பம்மா கீழே நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே மேலே போயிருக்கிறான். அவள் கல்லை எடுத்து மரத்தின் மேல் விட ஆரம்பித்தாள். ஒரு கல் அவன் நெற்றியில் பட்டு, பிடி நழுவிக் கீழே விழுந்தான். உயிருக்கு ஆபத்தில்லை, தோள் எலும்பு விலகிவிட்டது.

எங்கள் நல்லகாலமோ கெட்டகாலமோ, மறுநாள் நாங்கள் மேலே போகிற நாள். போய் நின்றபோது ஊரே அந்த வீட்டுக்கு முன்னால் கூடியிருந்தது. குப்பம்மா உள்ளே மூலையில் சுருண்டிருந்தாள். ஊர்க்கவுண்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்லீங்க டாக்டர். ஆனா இன்னிக்கு இவள இட்டுனு போய்டுங்க. இல்லன்னா நாங்க இவளக் கட்டித்தான் போடணும். புள்ளக்குட்டி ஓடியாடுற ஊரு இது."

ஒரு ஆள் கையில் கயிறு தயாராக இருந்தது. மாட்டுக்குக் கட்டுகிற கயிறு.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மேலேயே ஊசி போட்டு வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா என்று கேட்டார். வீட்டில் வைத்தால் கயிறு. நாங்கள் மறுபடி வர ஒரு மாதம். கீழே போனால் வார்டு, டாக்டர்கள், மருந்து எல்லாம் உண்டு. இதை எத்தனையோ தடவை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அதே இடத்தில் என்னை நிறுத்தினாலும் கீழே கூட்டிப்போகலாம் என்றுதான் சொல்வேன். அதுதான் என்னை அறுக்கிறது. நாங்கள் சரியாகத்தான் செய்தோம்.

சிக்னல் கிடைக்கிற மேட்டில் வண்டியை நிறுத்தி செல்விக்கு போன் போட்டேன். குழந்தையோடு ஒடுகத்தூரில் சாலையோரம் வந்து நின்றாள். அவளைக் கண்டதும் குப்பம்மா உடைந்துபோனாள். வண்டியில் மடியில் குழந்தை, பக்கத்தில் அக்கா, செல்வியின் ஒரு கை குழந்தையைப் பிடித்திருக்க இன்னொரு கை ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

"மேடம், இவ அவன அடிக்க கல்லு வுடலியாம். அந்த மரத்துல திரும்பவும் கை வந்துட்டுதாம். அது அவனப் புடிச்சிக்கப் போவுதேன்னு அந்தக் கைய அடிச்சாளாம். மொதல்ல ஏறாத ஏறாதன்னு சொன்னாளாம். அவன் சிரிச்சானாம்."

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு வாசலில் அந்த வார்டு சிஸ்டர் எங்களை நிறுத்தினார். துணைக்கு ஒரு பெண் மட்டும் இருக்கலாம். கைக்குழந்தையோடு உள்ளே விடமுடியாது. நான் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"மேடம், உள்ள எப்ப யாருக்கு இன்னா ஆவும்னு சொல்லமுடியாது. நேத்து ஒருத்தவங்க தட்டத் தூக்கி வீசினாங்க. கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களே என்னக் கேப்பீங்களா மாட்டீங்களா?"

கேட்பேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பால்குடிக்கிற குழந்தையை வெளியில் விட்டுவிட்டு செல்வி உள்ளே இருக்கவும் முடியாது. தாயார் துணைக்கு இருப்பது என்று முடிவானது. செல்வி வாசலில் நின்று அக்காவுக்குத் தூங்குவதுபோல் காட்டி ஒரு விரலைத் தூக்கினாள். நாளைக்கு வர்றேன். குப்பம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. செல்வியால் சொன்னபடி வரமுடியவில்லை.

வாய்பேசாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்க்கிற ஒருவரை நான் அலைந்து பிடித்தேன். தங்கமான மனிதர், கூப்பிட்டதும் வந்தார். சில நாள் கழித்து அவரையும் அழைத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன். குப்பம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். இரண்டு கையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தது.

"இன்னா சிஸ்டர் இது?"

"ஓயாம கைய வீசுறாங்க மேடம். வர்றவங்க போறவங்க எல்லார் மூஞ்சிக்கு நேரவும் கைய நீட்டுறாங்க. பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு கண்ணுல பட்டுடுச்சு. அதான் கட்டினோம். அப்பப்ப அவுத்துடுறோம், இறுக்கிக்கூடக் கட்டலை, பாருங்க."

பார்த்தேன். இறுக்கவில்லைதான். காயம் ஆகாமல் பஞ்சு வைத்துப் பக்குவமாகக் கட்டியிருந்தார்கள். வீசுகிற கை அடிக்கிற கை என்பது வார்டுக் கணக்கு. நூறு பேர் விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். தாயார் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "தங்கச்சி எங்கே, தங்கச்சி எங்கேன்னுதான் எல்லாரையும் கேட்டுக்கினு இருந்தாம்மா. அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சது. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?" என்றார்.

நாங்கள் அனுப்பிய சீட்டில் 'பேச்சு இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம், எழுத அப்படித்தான் பழகியிருக்கிறோம். வாய் பேசாதவர் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். கையால் பேசுகிறவர் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கையைக் கட்டுவது என்றால் நம்மில் ஒருவருக்கு வாயில் துணியை அடைத்து, அழுதால் இன்னும் கொஞ்சம் அடைப்பதுதான். அதைச் செய்தவர்களில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் மறந்துபோயிருப்பேன்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன், அவிழ்த்தார்கள். கூட வந்தவர் அவள் முன்னால் உட்கார்ந்து மெதுவாகக் கையை அசைத்துப் பேச ஆரம்பித்தார். அவர் பள்ளியில் படித்த சைகைமொழி வேறு, ஆட்டு மேய்ச்சலில் பிறந்த இவர்கள் மொழி வேறு. அதுகூடப் பெரிதில்லை. தெரியாத ஒரு கை தன் முகத்துக்கு நேரே ஆடுவதைக் கண்டதும் குப்பம்மாவின் முகம் வெளிறிப்போனது. மரத்துக்குள் அவள் பார்த்ததும் அதைத்தானே. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் அந்த நொடிவரை தோன்றவில்லை. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கப்புறம் உலகத்தில் ஒருவரும் அவளிடம் எதையும் சொல்லமுடியாது. நாங்கள் வெகுநேரம் நின்றோம். அவள் திறக்கவே இல்லை.

அடுத்தநாள் முதல், காய்ச்சல் விட்ட குழந்தையைச் செல்வியின் கணவன் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க, பால் கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செல்வி உள்ளே இருந்தாள். டாக்டர் ஆஸ்பத்திரி மேலதிகாரிகளிடம் பேசி வாங்கிய அனுமதி அது. மருந்து நன்றாக வேலை செய்தது. தூக்கம் வந்தது, சாப்பிட்டாள். அனுப்பும்போது 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஐயோ, எவ்வளவு அமைதி! தங்கை கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். கை மடியிலேயே கிடந்தது.

பகலில் அவளைக் கீழேயே எங்காவது சேர்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுவாள் என்று நானும் செருப்புத் தேய அலைந்தேன். மனநோயிலிருந்து தேறியவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தருகிற இடத்தில், "காது கேக்காதவங்களப் பாத்துக்க எங்ககிட்ட ஆள் இல்லைங்களே" என்றார்கள். காது கேளாதவர்களுக்குத் தையல் கற்றுத்தருகிற இடத்தில், "மனநோய் இருக்கிறவங்கள எடுத்துக்க எங்களுக்குப் பயிற்சி இல்லைங்க" என்றார்கள். இரண்டு பேரும் எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, உண்மையைச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு கஷ்டம் இருந்தால் நம் நாட்டில் ஒரு கதவாவது இருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டு கஷ்டம் இருந்தால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டும்.

பிள்ளைகளே, இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒருவரை ஓரிடத்தில் ஒப்படைக்கும்போது அவருக்கு என்ன இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எதால் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எதைக் கண்டால் பயப்படுகிறார் என்பதை அந்த வார்டில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். கேட்கிறவர் சலித்துக்கொள்வார், சலிக்கட்டும். துணைக்கு இருப்பவர் வெறும் உறவுக்காரர் இல்லை, நோயாளியின் நாக்கு என்றால் அந்த நாக்கை வாசலில் நிறுத்தும் விதியோடு முதல் நாளே மல்லுக்கு நில்லுங்கள். நாங்கள் பிறகு வாங்கிய அனுமதி முதல் நாளும் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கிடைத்திருக்கலாம். அந்த 'லாம்' என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

இடம் கிடைக்காமல் அவளை மலைக்கே அனுப்பிய பிறகு வந்த எங்கள் முதல் முகாமுக்கு நான் வீட்டுக்கே போனேன். செல்வி குழந்தையோடு வந்திருந்தாள். குப்பம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருந்தது, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

"பேசறாளா?" என்று செல்வியிடம் கேட்டேன்.

"எங்கிட்ட பேசறா மேடம். முன்ன மாரி இல்ல. சோறு வேணும், தண்ணி வேணும், கொழந்தையக் குடு, அவ்ளோதான்."

குப்பம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, கட்டுவதற்குக் கொடுப்பதுபோல் மணிக்கட்டு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எனக்கு முன்னால் நீட்டினாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்ன சொல்றா செல்வி?"

செல்வி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"அது... அது உங்க பேரு மேடம். உங்களுக்கு, டாக்டருக்கு, சிஸ்டருக்கு, எல்லாருக்கும் இப்ப அதான் பேரு. நீங்க வர்றீங்கன்னு எனக்குச் சொல்லணும்னா இப்படித்தான் காட்டறா."

"மன்னிச்சுக்கோன்னு உங்க பாஷையில எப்படிச் சொல்றது? எனக்குக் காட்டு" என்றேன்.

செல்வி யோசித்தாள். கையை எடுத்தாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

"அதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல மேடம். நாங்க ரெண்டு பேரும் அத்த சொல்லிக்கினதே இல்ல."

குப்பம்மா கையை இறக்கவில்லை. நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று, நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாள்.